ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி?

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரியும் லிஃப்ட் பராமரிப்பும் பேச வேண்டிய கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நம் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம். அவர்களில் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். "ஆசிரியர் கடிதம் வேண்டுமாமே, அதை யாரிடம், எப்படிக் கேட்பது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில், யாருக்கு இது தேவையில்லை?

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் தேர்வு மதிப்பெண்ணே பேசும். ஆகவே அந்த வழியில் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.

தேவைப்படுவது யாருக்கு? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு. நம் நாட்டிலேயே சில தனியார் பல்கலைக்கழகங்களுக்கு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பிறகு வெளிநாட்டில் முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ போவதாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று பேராசிரியர்களின் கடிதம் வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் ஓர் ஆசிரியரின் கடிதம் கேட்கிறார்கள்.

அமெரிக்காவிலும் எல்லோரும் கேட்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) இரண்டு ஆசிரியர்களைக் கேட்கிறது. ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி, வரலாறு போன்ற பாடம் கற்பித்தவராக இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தையும் பார்த்து, எத்தனை கடிதம், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதுவது.

சிபாரிசும் பரிந்துரையும்

நம் ஊரில் "சிபாரிசு" என்று சொன்னாலே முகம் சுளிக்கிறோம். ஆளைப் பிடித்து, காரியம் சாதிப்பது என்ற பொருள் அதற்கு வந்துவிட்டது. அதனால் நல்ல மாணவர்கள்கூட ஆசிரியரிடம் கடிதம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "நம்மைப் பற்றி நாமே நல்லதாக எழுதச் சொல்லிக் கேட்பதா?" என்று தோன்றுகிறது.

நம் இலக்கண மரபே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலில், எவ்வளவு கற்றவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். ஆகவே ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதும் உரிமையை ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோருக்குத் தருகிறார். நம்மைத் தெரிந்த ஒருவர், தெரியாதவர்களுக்கு நம்மைப் பற்றிச் சொல்வதுதான் பாயிரம். அதே நன்னூல், தன்னைத் தானே புகழலாம் என்று நான்கு இடங்களையும் விதிவிலக்காகக் காட்டுகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும் புகழலாம் என்பவை அவற்றுள் இரண்டு. இன்றைய விண்ணப்பத்தில் மாணவர் எழுதும் கட்டுரை இந்த விதிவிலக்கைப் போன்றது. ஆசிரியர் எழுதும் கடிதம் சிறப்புப் பாயிரம். இரண்டுக்கும் வேலை வேறு.

திருக்கோவிலூரில் தொடங்கிய கடிதச் சங்கிலி

நம் அடி அண்ணாமலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருக்கோவிலூர். 1910-இல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகம் தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர்தான். அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கையில் பட்டமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்று கேட்டார். அவர் சீனிவாச ராமானுஜன்.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை கொடுக்கவில்லை. இவரைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்த்தினால் இந்தத் திறமை வீணாகிவிடும் என்று நினைத்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படிச் சந்தித்தவர்களில் ஒருவர் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்கு ஏற்கெனவே பாடம் சொன்னவர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் சில காலம் தம் கைப்பணத்திலிருந்து மாதந்தோறும் உதவினார்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு ராமானுஜன் விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்திருந்த கடிதத்தை இணைத்தார். மிகச் சில வரிகள்தான். எண்கள் சார்ந்த கணிதத்தில் அசாதாரணமான திறமை உள்ளவர், கணக்கிடுவதில் இயல்பான ஆற்றல் உண்டு, வேகமானவர் என்பது அதன் சாரம். "நல்ல பையன், ஒழுக்கமானவன், வாழ்த்துகள்" என்று பொதுவாக எழுதவில்லை. கணக்குப் பிரிவில் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதினார். மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அத்தோடு நிற்கவில்லை. 1913 ஜனவரியில் ராமானுஜனே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் அங்கேயே வேறு இரண்டு அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. 1914 ஜனவரியில் சென்னைக்கு வந்திருந்த நெவில், பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று நமக்கு வேண்டியது அதிலுள்ள நான்கு விஷயங்கள். ஒன்று, ராமானுஜன் கேட்டார், கூச்சப்பட்டு வீட்டில் உட்காரவில்லை. இரண்டு, வெறுங்கையோடு போகவில்லை, காட்டுவதற்கு நோட்டு இருந்தது. மூன்று, எழுதியவர்கள் அந்தக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள். ராமசாமி ஐயரின் கடிதம் வேலை செய்தது அவர் டெபுடி கலெக்டர் என்பதால் அல்ல, கணிதம் தெரிந்தவர் என்பதால். நான்கு, மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அந்தக் கடிதங்கள் சொல்லின. எஃப்.ஏ.வில் தோற்றவர் என்று மட்டுமே தாள் சொன்னது. ஆள் யார் என்று கடிதம் சொன்னது.

யாரிடம் கேட்பது?

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் முக்கியப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் சேரப் போகும் படிப்புக்குத் தொடர்புள்ள பாடமாக இருந்தால் இன்னும் நல்லது. நூற்றுக்கு நூறு வாங்கிய பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் இடைத்தேர்வில் 48 வாங்கி, மாலையில் தங்கிக் கேட்டுக் கேட்டு, பொதுத்தேர்வில் 90 வாங்கிய பாடம் இருந்தால், அந்த ஆசிரியரிடம் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து 99 வாங்கிய மாணவனைப் பற்றி எழுத அவ்வளவு கிடைக்காது.

தாசில்தார், கவுன்சிலர், மாமாவின் நண்பரான டாக்டர், இவர்களுடைய கடிதம் வேண்டாம். உங்கள் வகுப்பறையை அவர்கள் பார்த்ததில்லை. பிரிட்டன் விண்ணப்ப அமைப்பான யூகாஸ், உறவினரோ நண்பரோ எழுதக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. டியூஷன் ஆசிரியரைவிடப் பள்ளி ஆசிரியரே முதலில்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பலவற்றை ஒரே இடத்தில் அனுப்பும் காமன் ஆப் தளத்தில், பாட ஆசிரியர் கடிதம் தவிர, பள்ளி ஆலோசகர் ஒருவரும் பள்ளியின் சார்பில் அறிக்கை தர வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இல்லை. தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அந்த இடத்தில் இருந்து செய்யலாம். இதை முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். பிரிட்டனுக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு குறிப்புரை போதும். 2024 சேர்க்கையிலிருந்து அதை மூன்று பகுதியாகக் கேட்கிறார்கள்: பள்ளியைப் பற்றி, மாணவரைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் அதைப் பற்றி, மாணவருக்கே உரிய மற்ற விவரங்கள்.

எப்போது கேட்பது?

இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பிரிட்டன் மருத்துவப் படிப்புகளுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. அமெரிக்காவில் முன்கூட்டிய சேர்க்கைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, பொதுச் சேர்க்கைக்குப் பல இடங்களில் ஜனவரி முதல் வாரம். பிரிட்டனின் மற்ற படிப்புகளுக்கு ஜனவரி நடுவில்.

இப்போது நம் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். கார்த்திகை தீபம் நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில். கொடியேற்றத்திலிருந்து தீபம் வரை பத்து நாள் ஊரே திருவிழா. கிரிவலப் பாதையிலிருந்து ஒரு வண்டியை வெளியே எடுக்க முடியாது என்பது இங்கே குடியிருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது முடிந்தால் அரையாண்டுத் தேர்வு. ஆசிரியர் கையில் விடைத்தாள் கட்டு. பிறகு விடுமுறை. "டிசம்பர் 20-க்குக் கேட்டால் சார் எழுதித் தருவார்" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஜூன், ஜூலையில் பள்ளி திறந்து வகுப்புகள் ஒரு நிலைக்கு வந்ததும் கேட்டுவிடுங்கள். ஆகஸ்டைத் தாண்ட வேண்டாம். எப்படியும் கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்னதாக ஆசிரியர் கையில் எல்லா விவரமும் இருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

நேரில், தனியாக, ஆசிரியருக்கு ஓய்வு இருக்கும் நேரத்தில். வகுப்புக்கு நடுவில் வராந்தாவில் மறித்து வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வேண்டாம். பெற்றோர் போன் செய்து கேட்கவும் வேண்டாம். கல்லூரிக்குப் போவது பிள்ளை, கேட்க வேண்டியதும் பிள்ளை.

இப்படிப் பேசலாம்: "சார், அடுத்த வருஷத்துக்கு வெளிநாட்டுல நாலு யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணப் போறேன். ரெண்டு வருஷமா உங்ககிட்ட இயற்பியல் படிக்கிறேன். என்னைப் பத்தி நல்லா எழுதுற அளவுக்கு உங்களுக்கு என்னைத் தெரியும்னு நினைச்சீங்கன்னா, ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர முடியுமா? நேரம் இல்லேன்னா தயங்காம சொல்லுங்க சார், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம் மிக முக்கியம். மறுக்க வழி விட்டுக் கேட்கும்போதுதான் உண்மையான சம்மதம் கிடைக்கும். ஆசிரியர் இழுத்தால், "பார்க்கலாம்ப்பா" என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆசிரியரிடம் போங்கள். மனமில்லாமல் எழுதிய நான்கு வரியால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

சம்மதித்ததும் ஒரு கோப்பு கொடுங்கள். அதில் பல்கலைக்கழகங்களின் பெயர், கடைசி நாள். மதிப்பெண் பட்டியலின் நகல். எந்தப் படிப்பு, ஏன் என்று அரைப்பக்கம். பிறகு, அந்த ஆசிரியர் வகுப்பில் நடந்ததை நினைவூட்டும் ஒரு பக்கம். "அறிவியல் கண்காட்சிக்குச் சூரிய அடுப்பு செய்தோம், முதல் இரண்டு தடவை சூடாகவில்லை, கண்ணாடியின் கோணத்தை மாற்றினோம்" என்பது போல. ஆசிரியருக்கு வகுப்புக்கு நாற்பது ஐம்பது மாணவர்கள். உங்களைப் பிடிக்கும், ஆனால் எல்லாம் நினைவில் இருக்காது. ராமானுஜனின் நோட்டைப் போல இது உங்கள் நோட்டு.

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"

இந்த வாக்கியத்தைக் கேட்காத மாணவர் நம் நாட்டில் குறைவு. ஆசிரியர் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். பாடம், பதிவேடு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று அவருக்கு ஆயிரம் வேலை. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

காரணம் இரண்டு. மாணவரின் கட்டுரையும் ஆசிரியரின் கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, அது பொய். கண்டுபிடித்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்யலாம். ஆசிரியர் பெயரில் நீங்களே ஒரு மின்னஞ்சல் திறந்து, நீங்களே பதிவேற்றுவது இன்னும் மோசம். பணம் வாங்கிக்கொண்டு "எல்லாக் கடிதமும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் கன்சல்டன்சிகளிடம் பெற்றோர் கவனமாக இருங்கள். மாட்டினால் பிள்ளையின் பெயர்தான் கெடும்.

பிறகு என்ன செய்வது? "சார், நீங்க தமிழ்லயே எழுதுங்க" என்று சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்கள் மூலக் கடிதத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்தால் ஏற்கின்றன. அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் செய்யலாம், மாணவரோ வீட்டாரோ செய்யக் கூடாது.

இணையத்தில் நடப்பது

கடிதம் உங்கள் கைக்கு வராது. நீங்கள் ஆசிரியரின் மின்னஞ்சலைத் தளத்தில் பதிவு செய்தால், அவருக்கு ஓர் இணைப்பு போகும். அவர் உள்ளே சென்று பதிவேற்றுவார். பள்ளி முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். அந்த அஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழுந்து கிடப்பது வழக்கம். அனுப்பிய அன்றே "வந்துவிட்டதா சார்?" என்று கேளுங்கள்.

காமன் ஆப்பில், கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். 1974-இல் வந்த அமெரிக்கக் கல்விப் பதிவேட்டுச் சட்டம் தரும் உரிமை அது. பெற்றோர் பலர் பயந்துவிடுகிறார்கள். விட்டுக்கொடுப்பதே வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு.

கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை, மூன்று நாள் முன்பு ஒரு முறை பணிவாக நினைவூட்டுங்கள். முடிந்ததும் கையால் எழுதிய நன்றிக் குறிப்பு ஒன்று போதும். பட்டுச்சேலையும் வெள்ளி விளக்கும் வேண்டாம், அது கடிதத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முதலில் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

நம் வளாகத்துக்கு ஒரு வேண்டுகோள்

இங்கே ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள், வெளிநாட்டில் பணிபுரிந்து திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விவரங்கள் எப்படியாவது கிடைத்துவிடும். நம் வாயிலில் காவல் இருப்பவர்கள், படிக்கட்டைச் சுத்தம் செய்பவர்கள், தோட்டம் பார்ப்பவர்கள், அவர்கள் வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் வழிகாட்டுகிறது. ஆனாலும் விண்ணப்பப் பக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்க ஒருவர் தேவை.

ஆகவே சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், நம் சமுதாயக் கூடத்தில், ஒரு கணினி, இரண்டு பெரியவர்கள். கடிதத்தை நாம் எழுத மாட்டோம், திருத்தவும் மாட்டோம். கடைசி நாளைக் குறித்துக் கொடுப்போம், இணைப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்போம், தயங்கும் பிள்ளையிடம் "போய்க் கேள்" என்று சொல்வோம். செயலாளர் அனுமதி தந்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலகப் பதிவேட்டில் எழுதுங்கள்.

உரைக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விகள்

கே: என் மகள் யாரிடமும் பேச மாட்டாள். எந்த ஆசிரியருக்கும் அவளைத் தெரியாது. என்ன செய்வது?

ப: பதினொன்றாம் வகுப்பு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. வாரம் ஒரு சந்தேகத்தை வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அதிகம் பேசாத பிள்ளையின் விடைத்தாளையும் நோட்டையும் ஆசிரியர் பார்க்கிறார். எழுத்து வழியாகவும் ஒருவரைத் தெரிந்துகொள்ளலாம்.

கே: பன்னிரண்டாம் வகுப்பில்தான் பள்ளி மாற்றினோம். பழைய ஆசிரியரிடம் கேட்கலாமா?

ப: கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் நன்றாகத் தெரிந்தவர் என்றால் அவரே நல்லது. பள்ளியின் சார்பான அறிக்கையை மட்டும் இப்போது படிக்கும் பள்ளி தர வேண்டியிருக்கும்.

கே: நீங்களே எழுதித் தருவீர்களா சார்?

ப: (சிரிப்பு) நான் உங்கள் மகனுக்குப் பாடம் எடுத்ததில்லை. லிஃப்டில் வணக்கம் சொல்லும் பையன் என்றுதான் தெரியும். அதை எழுதினால் எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தராது. அவனுடைய இயற்பியல் ஆசிரியரிடம் நாளைக்கே போகச் சொல்லுங்கள்.